பேராசிரியர்களுக்கு ஒருநாள் விக்கிப்பீடியா வகுப்பு: போகலாமா?

கோவையில் ஒரு கல்லூரி, தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவதற்குக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறது. கட்டணம் 500 ரூபாய். அதற்குள் மதிய உணவு, இரண்டு வேளைத் தேநீர், ஒரு கோப்பு, ஒரு பேனா, கடைசியில் சான்றிதழ் எல்லாம் அடக்கம். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. இங்கே குறை சொல்லிவிட்டு அடுத்த செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அதே கட்டடத்துக்குள் நுழைய என்னால் ஆகாது.

நான் தாவரவியல் ஆசிரியை. சொந்த ஊர் காங்கேயம் பக்கம், வேலை திருப்பூர் மாவட்டத்தில். பயிற்சிக்கு வந்த முப்பது பேருக்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேர் முனைவர்கள். நடத்தியவர்கள் இருவர். ஒருவர் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர், மற்றவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. இருவருக்கும் முனைவர் பட்டம் கிடையாது, இருவரும் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் எழுதிவருகிறவர்கள். முன்வரிசை முனைவர்களுக்குக் காலையில் இது கொஞ்சம் உறுத்தியது. மாலைக்குள் அந்த உறுத்தல் போய்விட்டது. பயிற்சியின் முதல் வெற்றி அதுதான்.

முதல் அமர்வு வரலாறு. இளைஞர் தெளிவாகச் சொன்னார். விக்கிப்பீடியாவுக்கு முன்னால் நியூபீடியா என்று ஒன்று இருந்தது. 2000இல் ஜிம்மி வேல்ஸ் தொடங்கினார், தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற லாரி சாங்கர் அதன் முதன்மை ஆசிரியர். எழுதுகிறவர் துறை வல்லுநராக இருக்க வேண்டும், எழுதியது ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். மூன்றாண்டுகளில் கரையேறியவை ஏறக்குறைய இரண்டு டஜன் கட்டுரைகள்தான். அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று 2001 ஜனவரி 15 அன்று யார் வேண்டுமானாலும் எழுதலாம் எனத் திறந்துவிட்ட தளம் முதல் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கில் கட்டுரைகளைக் குவித்தது. 2003இல் நியூபீடியாவை மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு அடித்தளம் போட்டார். இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன.

அடுத்துத் திரையில் வந்த ஸ்லைடு எனக்குப் பிடிக்கவில்லை. நேச்சர் ஆய்விதழ் 2005இல் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்தது; விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 123. 'பார்த்தீர்களா, அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை' என்று முடித்துவிட்டார்கள். சோதித்தது ஆங்கிலக் கட்டுரைகளை, அதுவும் அறிவியல் தலைப்புகளை மட்டும். அதை வைத்துக்கொண்டு தமிழ்க் கட்டுரைகளின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச முடியாது. முதலாண்டு மாணவி ஆய்வேட்டில் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நான் சிவப்பு மையைத் தேடுவேன்.

இன்னும் பெரிய குறை ஒன்று. கோவையில் உட்கார்ந்து கலைக்களஞ்சிய வரலாறு பேசுகிறவர்கள் பெரியசாமித் தூரனைப் பற்றி ஒரு வரி பேசாமல் தேநீருக்கு எழுந்தது எப்படி? மொடக்குறிச்சிக்கு அருகில் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்தவர். தமிழில் நவீன முறையில் வந்த முதல் பெரிய கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். அதை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946இல் தொடங்கியவர் திருப்பூர்க்காரரான தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது தொகுதி 1968இல். அதோடு நிற்காமல் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார்கள். அந்த வேலை முழுக்க அறிஞர்களிடம் கட்டுரை கேட்டு வாங்கி, ஆசிரியர் குழு செப்பனிட்டு அச்சேற்றிய வேலை. துறை தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்பதே அங்கே வாசகருக்குக் கொடுக்கப்பட்ட உறுதி.

விக்கிப்பீடியாவில் அந்த உறுதி செல்லாது. யார் எழுதினார் என்று அது கேட்பதில்லை, எதைப் பார்த்து எழுதினார் என்று கேட்கிறது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு இந்த ஒரு வேறுபாட்டைத் தூரனை வைத்தே கால் மணி நேரத்தில் புரியவைத்திருக்கலாம். பிற்பகலில் நடந்த பாதிச் சண்டை நடந்திருக்காது.

கணினி அறைக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது ஏற்பாட்டாளர்களின் கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. எல்லாரும் கல்லூரியின் ஒரே இணைய இணைப்பில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்கினோம். ஓர் ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஓர் இணைய இணைப்பிலிருந்து, ஒரு நாளுக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் விக்கிப்பீடியா அனுமதிப்பதில்லை. விஷமிகள் கூட்டமாகக் கணக்கு தொடங்குவதைத் தடுக்க வைத்திருக்கும் வரம்பு அது. ஏழாவது ஆளுக்குச் சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. எட்டாவது ஆள் விலங்கியல் துறைத் தலைவர், தன்னைத்தான் தடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். பயிற்சி நடத்துகிறவர்கள் முன்கூட்டியே கேட்டால் அன்றைக்கு மட்டும் வரம்பைத் தளர்த்திக் கொடுப்பார்கள். அல்லது 'வீட்டிலேயே கணக்கு தொடங்கிக்கொண்டு வாருங்கள்' என்று அழைப்பிதழில் ஒரு வரி போட்டிருக்கலாம். இரண்டும் இல்லை. கைப்பேசி இணைப்பு, பக்கத்துத் துறையின் இணைப்பு என்று அலைந்து ஒரு மணி நேரம் போயிற்று. தலைமையாசிரியை அந்த நேரத்தை வீணாக்காமல், கணக்கு கிடைத்தவர்களை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகவும், மற்றவர்களை ஏதாவது ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைப் படிக்கவும் வைத்தார். எந்த வரியை எந்தத் தேதியில் யார் மாற்றினார் என்பது ஒன்றுவிடாமல் அங்கே கிடக்கிறது. அச்சுக் கலைக்களஞ்சியத்தில் இந்த வசதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். தமிழ்த் தட்டச்சுக்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழில் பெறும் ஒலிபெயர்ப்பு இரண்டும் தளத்திலேயே இருக்கின்றன.

மதிய உணவு அரிசியும் பருப்பும் சாதம், நெய் தாராளம். அதற்கு முழு மதிப்பெண்.

சண்டை உணவுக்குப் பிறகு வந்தது. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர், ஒரு சங்கப் புலவரின் ஊர் நொய்யல் கரையில்தான் இருந்தது என்று தன் முடிவை எழுதிவிட்டு ஆதாரம் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். இளைஞர் மெதுவாகச் சுட்டிக்காட்டினார். பேராசிரியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, “ஏனுங்க தம்பி, முப்பது வருடம் இதையே பாடம் நடத்துகிறேன். நான் சொல்வதற்கு நானே ஆதாரம் காட்ட வேண்டுமா?” என்றார். “சார், நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். முதலில் ஆய்விதழில் வெளியிடுங்கள், பிறகு வேறொருவர் அதை மேற்கோள் காட்டி இங்கே எழுதுவார்” என்றார் இளைஞர். அறை கொஞ்சம் சூடாயிற்று.

அப்போது இளைஞர் சொன்ன கதை நல்ல கதை. ஆங்கில விக்கிப்பீடியாவில் எஸ்ஜே என்ற புனைபெயரில் ஒருவர், தான் இறையியல் பேராசிரியர், முனைவர் பட்டங்கள் பெற்றவர் என்று சொல்லிக்கொண்டு செல்வாக்கோடு இருந்தார். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 2006இல் அவரை அப்படியே அறிமுகப்படுத்தி எழுதியது. மறு ஆண்டு குட்டு உடைந்தது: பட்டமும் இல்லை, பேராசிரியர் பதவியும் இல்லை, 24 வயது இளைஞர். திரைக்கு அப்பால் இருப்பவர் பேராசிரியரா இல்லையா என்று பார்க்க வழியில்லாத இடத்தில், பேராசிரியர் என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தமிழ்த்துறைப் பேராசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியைப் பழையபடி திருப்பிக்கொண்டார்.

இளைஞர் கதையின் மறுபக்கத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இந்த விதி உண்மையான வல்லுநர்களையும் உதைத்திருக்கிறது. மே தினத்தின் மூலமான சிகாகோ ஹேமார்க்கெட் சம்பவத்தைக் கோவை மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1886 மே 4 அன்று தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதன் வழக்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் டிமதி மெசர்-குரூஸ் என்ற அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டுவெடிப்போடு இணைக்கும் சான்று எதையும் அரசுத் தரப்பு காட்டவில்லை என்று ஆங்கிலக் கட்டுரையில் இருந்தது. 'சான்றே இல்லையென்றால் விசாரணையில் அத்தனை நாளும் எதைப் பேசினார்கள்?' என்று அவருடைய மாணவி ஒருவர் கேட்டாராம். அவர் நீதிமன்ற ஆவணங்களைக் காட்டித் திருத்தினார். மூல ஆவணம் போதாது, அச்சில் வந்த ஆய்வு நூல் வேண்டும் என்று நீக்கினார்கள். காத்திருந்தார். அவருடைய நூலே வெளியான பிறகு மறுபடியும் திருத்தினார். பெரும்பான்மை ஆய்வாளர்கள் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள், ஒருவர் கருத்துக்கு இவ்வளவு இடம் தர முடியாது என்று மறுபடியும் நீக்கினார்கள். 2012இல் அவர் இதைப் பகிரங்கமாக எழுதிய பிறகுதான் அந்தக் கட்டுரை திருத்தப்பட்டது.

டோனா ஸ்டிரிக்லண்ட் கதையும் அப்படித்தான். 2018 அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை கிடையாது. ஒருவர் எழுதி அனுப்பிய வரைவு, அவரைப் பற்றி மற்றவர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்ற காரணத்தால் அதே ஆண்டு மே மாதம் திருப்பப்பட்டிருந்தது. உலகத்தின் பத்திரிகைகளும் புத்தகங்களும் ஒரு பெண் விஞ்ஞானியைக் கண்டுகொள்ளாவிட்டால் இந்தக் கலைக்களஞ்சியமும் கண்டுகொள்ளாது. இந்த விதிக்குக் கொடுக்கும் விலை இது. பேராசிரியர்களை உள்ளே அழைக்கிறவர்கள் இந்த விலையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வீட்டுக்குப் போய்த் தனியாக அடிபட்டு வெளியேறுகிறவர்கள் குறைவார்கள்.

இனி என் கட்டுரை. தலைப்பு கொரங்காடு. காங்கேயம், தாராபுரம் பக்கம் மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலாக வைத்திருக்கும் முறை. காங்கேயம் மாடு என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், அந்த மாடு எதைத் தின்று அப்படி ஆனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது படித்த பாடமும் வளர்ந்த இடமும்.

வெள்வேல மரத்தின் அறிவியல் பெயரை வச்செலியா லியூகோஃப்ளோயா என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த விலங்கியல்காரர் எட்டிப் பார்த்து, அகேசியா என்றுதானே படித்தோம் என்றார். அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுப்பது என்று 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, 2011 மெல்போர்ன் மாநாட்டில் அது உறுதியாகிவிட்டது, நம் ஊர் வேலமரங்கள் அந்தப் பெயரை இழந்துவிட்டன என்று விளக்கினேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை, “மேடம், இப்போது சாரிடம் சொன்னதை அப்படியே அடிக்குறிப்போடு கட்டுரையில் போட்டுவிடுங்கள். நாளைக்கு இதே சந்தேகத்தோடு இன்னொருவர் வந்து பழைய பெயரை எழுதிவிட்டுப் போவார்” என்றார். அந்த அம்மா வகைப்பாட்டியல் படித்தவர் அல்லர். ஆனால் எந்த வரியில் சண்டை வரும் என்று அவருக்குத் தெரிகிறது. பயிற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு அதுதான், ஐந்நூறு ரூபாய்க்கு அது ஒன்றே போதும்.

புல், வேலி, மரம், மழையளவு எல்லாவற்றுக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகள் இருந்தன. வீட்டிலிருந்து நகலெடுத்துக்கொண்டு போயிருந்தேன். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். கிளுவைப் போத்தை எந்தப் பருவத்தில் வெட்டி நட்டால் தழையும், எப்போது நட்டால் காய்ந்துபோகும் என்று எங்கள் பக்கத்து ஆட்டுக்காரப் பெரியவர்கள் கணக்காகச் சொல்வார்கள். என் வயதுக்கு நான் பார்த்தவரை அந்தக் கணக்கு தப்பியதில்லை. என் கையில் இருந்த தாள்களில் அது இல்லை. ஆகவே கட்டுரையிலும் இல்லை. 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஊர்மக்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து அதையே மேற்கோளாகக் காட்டிப் பார்க்கும் முயற்சி ஒன்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவில் நடந்தது. பொதுவிதி அதனால் மாறவில்லை. கொங்கு நாட்டில் வேளாண்மை, கால்நடை, நெசவு, சாயம் பற்றித் தெரிந்ததில் எவ்வளவு அச்சில் இருக்கிறது என்று யோசித்தால் இந்த விதி நமக்கு ஆங்கிலேயனைவிட எத்தனை மடங்கு கடுமையாக விழுகிறது என்று தெரியும். இங்கேதான் கல்லூரி ஆசிரியர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது: அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பதிவு செய்து ஆய்விதழில் வெளியிட வேண்டும். விக்கிப்பீடியா நம் பட்டத்தை மதிக்காது, நம் புத்தக அலமாரியை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும். பயிற்சி இதைச் சொல்லவேயில்லை, நானாகப் புரிந்துகொண்டது.

படங்கள் இதற்கு விலக்கு. நானே எடுத்த புகைப்படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் யாரும் அடிக்குறிப்பு கேட்பதில்லை. கிளுவை வேலி தளிர்த்து நிற்பது, வெள்வேலங்காயை ஆடு பொறுக்குவது என்று கைப்பேசியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்தவற்றை ஏற்றினேன். களப்பணி செய்கிற ஆசிரியர்கள் வீட்டில் தூங்கும் வன்தட்டுகளை நினைத்தால் இதற்கு மட்டுமே ஒரு தனி நாள் ஒதுக்கலாம். நிகழ்ச்சி நிரலில் இதற்குக் கொடுத்தது இருபது நிமிடம்.

பொருளாதாரத் துறை நண்பர் ஒருவர் தன் சொந்த நூலிலிருந்து நான்கு பக்கத்தை அப்படியே ஒட்டினார். நூல் அவருடையது, பதிப்புரிமை பதிப்பகத்தினுடையது. இங்கே ஏறும் எதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். அப்படி விட்டுக்கொடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. அரைமணி நேரம் விளக்கினார்கள், அவர் முகம் தெளியவில்லை. இதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் நல்லது.

கடைசியில் சான்றிதழ். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து ஒரு வரிகூட எழுதாமல் போனவர்களுக்கும் கிடைத்தது, கட்டுரை முடித்தவர்களுக்கும் கிடைத்தது. எங்கள் கல்லூரியின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் பயிற்சியில் கலந்துகொண்டதற்கு இடம் இருக்கிறது, கட்டுரை எழுதியதற்கு இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆர்என்ஏ பயாலஜி என்ற ஆய்விதழ் 2008இல் ஒரு நிபந்தனை போட்டது: ஆர்என்ஏ என்ற உயிர்மூலக்கூறின் குடும்பங்களைப் பற்றி அதில் கட்டுரை வெளியிட வேண்டுமானால் அதே பொருளில் ஒரு விக்கிப்பீடியா பக்கத்தையும் எழுதித்தர வேண்டும். அறிவியல்காரர்கள் எழுதினார்கள், வெளியீடும் கணக்கில் ஏறியது. நம் பல்கலைக்கழகங்கள் நடத்தும் தமிழ் ஆய்விதழ் ஏதாவது ஒன்று இதைச் செய்து பார்க்கட்டும்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. பயிற்றுநர்கள் இருவருக்கும் ஐந்துக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டு. அடுத்த அணி கோபிசெட்டிபாளையத்தில் என்று சொன்னார்கள். போகிறவர்கள் கணக்கை வீட்டிலேயே தொடங்கிக்கொள்ளுங்கள், துறை நூல்கள் இரண்டு மூன்றைக் கையோடு எடுத்துப்போங்கள், சொந்த ஆய்வு முடிவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பதிவுப் படிவத்தில், சான்றிதழில் பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்று இரண்டு மொழியில் கேட்டிருக்கிறார்கள். எந்தத் தலைப்பில் எழுதப் போகிறீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. அதைச் சேர்த்தால் அரை மதிப்பெண் கூட்டித்தர எனக்கு ஆட்சேபம் இல்லை.